நம்பியாரூரரின் காதல்

ஆடிச் சுவாதியில் சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசையைக் கொண்டாடும்போது, வெள்ளை யானை மீது அவர் கயிலை சென்றதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவருடைய காதலைச் சொல்ல மட்டும் நம்மில் பலர் தயங்குகிறோம். 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான் தயங்கவில்லை.

கயிலையில் மலர் கொய்யச் சென்றபோது, உமையம்மையின் சேடியர் கமலினி, அநிந்திதை இருவர் மீதும் மனம் வைத்ததால், திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகப் பிறந்தார் என்பது வரலாறு. நம்பியாரூரர் என்பது பிள்ளைத் திருநாமம்.

திருவாரூர்க் கோயிலுக்குத் தோழியருடன் வந்த பரவையாரின் அழகு கண்டு அவர் திகைத்து நின்றார். பிறகு புற்றிடங்கொண்ட பெருமானிடமே சென்று அவரைத் தரும்படி வேண்டினார். பரவையாரும் அன்றிரவு உறங்கவில்லை. இறைவன் அடியார்களின் கனவில் ஆணையிட, திருமணம் நடந்தது.

பரவையாருக்கு உருவழகு மட்டுமல்ல, உள்ளத்தழகும் இருந்தது. குண்டையூர் நெல்லைப் பூதங்கள் கொண்டுவந்து ஆரூர் வீதியெங்கும் குவித்தபோது, அவரவர் வீட்டெல்லையில் கிடப்பதை அவரவரே எடுத்துக்கொள்ளும்படி பறையறைவித்தவர் அவர்.

பின்னர் திருவொற்றியூரில், இறைவனுக்கு மாலை தொடுத்துவந்த சங்கிலியாரைக் கண்டார். பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் திருமணம். சன்னிதியில் சத்தியம் செய்யும்போது மட்டும் மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி நாயனார் தோழராகிய இறைவனைக் கேட்டுக்கொண்டார். இறைவனோ, மகிழின் கீழேயே சத்தியம் வாங்கும்படி சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டார்!

வசந்தம் வந்தது. ஆரூர் நினைவு வாட்ட, நாயனார் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். அந்த இடத்திலேயே இரு கண்களும் ஒளியிழந்தன. அழகைக் கண்டு மயங்கிய அதே கண்கள்! திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் மீண்டன.

கண் திறந்தும் பரவையார் வீட்டுக் கதவு திறக்கவில்லை. நாயனார் இறைவனையே தூது போக வேண்டினார். நள்ளிரவில் அர்ச்சகர் வடிவில் சென்ற பெருமானைப் பரவையார் மறுத்து அனுப்பினார். இரண்டாம் முறை தம் திருவுருவோடு சென்ற பிறகே ஊடல் தணிந்தது.

இந்த வரலாற்றில் காதலித்ததற்காக நாயனாரை இறைவன் தண்டிக்கவில்லை. கொடுத்த வாக்கை மீறியதற்கே தண்டித்தார். தோழர் என்பதற்காகச் சலுகை காட்டவில்லை. ஆனால் முறிந்த உறவு கூட வேண்டும் என்றபோது, தம் திருவடி தெருமண்ணில் படவும் அவர் தயங்கவில்லை. ஒற்றியூரில் தனித்து விடப்பட்ட சங்கிலியாரையும் மறந்துவிடவில்லை. முடிவில் அவரும் பரவையாரும் கயிலையில் அம்மை பணியைத் திரும்பப் பெற்றார்கள்.

இந்நாட்டில் வளரும் நம் பிள்ளைகள் தாமே துணையைத் தேடிக்கொண்டு வந்து நம் முன் நிற்கிறார்கள். கோபப்படுவதற்கு முன் இந்த வரலாற்றைச் சொல்லிப் பார்ப்போம். அழகைக் கண்டு மனம் போவது குற்றமல்ல, மகிழ மரத்தடியில் சொன்ன சொல்தான் பெரிது என்பதை அவர்களும் அறியட்டும். நாமும் நினைவில் வைப்போம்.