ஆடம் ஸ்மித்: சுதந்திரச் சந்தையைப் பேசியவர் முதலாளிகளைச் சந்தேகப்பட்டது ஏன்?

சம்பளம் குறைவு என்று கேட்டாலோ, டார்கெட் அநியாயம் என்று சொன்னாலோ, பிடித்துவைத்த கமிஷனைப் பற்றி வாய் திறந்தாலோ, விற்பனை வேலையில் இருப்பவர்களுக்குப் பல இடங்களில் ஒரே பதில்தான் கிடைக்கும். இது ஃப்ரீ மார்க்கெட், பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள்.

அந்த ஃப்ரீ மார்க்கெட் சிந்தனைக்குத் தந்தை என்று சொல்லப்படுபவர் ஆடம் ஸ்மித். 2007 முதல் 2022 வரை இங்கிலாந்தின் 20 பவுண்டு நோட்டில் இருந்த முகம். ஆனா, அவர் உண்மையில் என்ன எழுதினார் என்று பார்த்தால், மேலே சொன்ன பதிலைத் தரும் முதலாளிக்குத்தான் சங்கடம்.

யார் இந்த ஸ்மித்?

ஸ்காட்லாந்தில் கிர்கால்டி என்ற சின்ன துறைமுக ஊர். அங்கே 1723 ஜூன் 5-ம் தேதி ஞானஸ்நானம் பெற்ற குழந்தை அவர். பிறந்த தேதி எங்கும் பதிவாகவில்லை. சுங்க அதிகாரியாக இருந்த அப்பா, மகன் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். வளர்த்தது அம்மா மார்கரெட் டக்ளஸ்தான். சின்ன வயதில் நாடோடிகள் அவரைத் தூக்கிச் சென்றதாகவும், உடனே தேடிப் பிடித்து மீட்டதாகவும் ஒரு கதை உண்டு. ஸ்மித் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா 1784-ல் இறக்கும் வரை பெரும்பாலும் அவரோடுதான் இருந்தார்.

14 வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம். அங்கே பிரான்சிஸ் ஹட்சசன் என்ற ஆசிரியரின் பாடங்கள் அவரை ரொம்பவே ஈர்த்தன. 1740-ல் உதவித்தொகை கிடைத்து ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரிக்குப் போனார். பேர் பெற்ற இடம்தான், ஆனா அவருக்கு ஏமாற்றம். அங்கே பல பேராசிரியர்கள் பாடம் நடத்துவதையே விட்டுவிட்டார்கள் என்று பின்னாளில் எழுதினார். நடத்தினாலும் நடத்தாவிட்டாலும் சம்பளம் வந்துவிடும், அப்புறம் எதற்கு மெனக்கெட வேண்டும் என்பது அவர் கண்ட காரணம்.

கிளாஸ்கோவில் கதை வேறு. அங்கே ஆசிரியர் வருமானத்தில் பெரும் பங்கு மாணவர்கள் நேரில் கட்டும் கட்டணம். 1751-ல் ஸ்மித் அங்கேயே பேராசிரியர் ஆனார். 1764-ல் வகுப்பு பாதியில் இருக்கும்போது வேறு வேலைக்குக் கிளம்ப வேண்டி வந்தது. மீதிப் பாடத்தை நடத்த மாற்று ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, கட்டணத்தை ஒவ்வொரு மாணவருக்கும் காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வேண்டாம் என்று மறுத்த ஒரு மாணவரின் சட்டைப் பையில் திணித்தே விட்டார் என்று சொல்வார்கள். சொன்ன வேலையை முடிக்காமல் காசு வைத்துக்கொள்ளக் கூடாது என்பதில் ஆள் கறார்.

சுரங்கத்தோடு சேர்த்து விற்கப்பட்ட மனிதர்கள்

கிர்கால்டியைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கங்களும் உப்பளங்களும் இருந்தன. அவற்றில் வேலை செய்தவர்கள் சாதாரணக் கூலிகள் இல்லை. 1606-ம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டப்படி, பழைய முதலாளி எழுத்தில் விடுவிக்காமல் அவர்களை வேறு யாரும் வேலைக்கு எடுக்க முடியாது. ஓடிப்போனால், ஒரு வருடத்துக்குள் முதலாளி கண்டுபிடித்து இழுத்து வரலாம். சுரங்கம் கைமாறினால் தொழிலாளிகளும் அதோடு கைமாறுவார்கள்.

கிளாஸ்கோ வகுப்பில் ஸ்மித் இதைப் பற்றிப் பேசினார். மாணவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் வழியாகத்தான் அது நமக்குத் தெரிகிறது. ஸ்காட்லாந்து நிலக்கரித் தொழிலாளிக்கு அப்போது ஒரு நாளைக்கு இரண்டரை ஷில்லிங் கூலி. சாதாரணக் கூலியாளைவிடப் பல மடங்கு. இங்கிலாந்தின் நியூகாசில் சுரங்கத்தில் அதிகபட்சம் ஒரு ஷில்லிங்தான், அதாவது பாதிகூட இல்லை. ஆனாலும் ஸ்காட்லாந்துத் தொழிலாளிகள் நியூகாசிலுக்கு ஓடினார்கள். ஏன்? அங்கே பிடிக்கவில்லை என்றால் வேலையை விட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

ஸ்மித்தின் சுதந்திரச் சந்தையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. இறைச்சிக் கடைக்காரரும் ரொட்டிக் கடைக்காரரும் நம்மீது இருக்கும் பாசத்தால் சாப்பாடு தருவதில்லை, அவரவர் லாபத்துக்காகவே தருகிறார்கள் என்பது அவருடைய பிரபலமான விளக்கம். (அந்தச் சாப்பாட்டை வீட்டில் சமைத்துப் பரிமாறியது யார் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.) கடைக்காரரின் சுயநலம் நமக்கு நல்லதாக முடிய வேண்டும் என்றால் பக்கத்தில் இன்னொரு கடை இருக்க வேண்டும், அங்கே போக நமக்கு வழியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரொட்டியின் எடை குறையும், விலை ஏறும். உழைப்பை விற்பவருக்கும் இதே விதிதான். வேறு முதலாளி இருக்க வேண்டும், அவரிடம் போக வழி திறந்திருக்க வேண்டும்.

பொழுதுபோகாமல் தொடங்கிய புத்தகம்

1764-ல் அவர் போன புதிய வேலை, பக்ளூ கோமகன் என்ற இளம் பிரபுவுக்கு ஆசிரியராக ஐரோப்பாவைச் சுற்றிக் காட்டுவது. ஆண்டுக்கு 300 பவுண்டு, வேலை முடிந்த பிறகும் வாழ்நாள் முழுக்க அதே தொகை. பிரான்சின் துலூஸ் நகரில் யாரையும் தெரியாமல் அலுத்துப்போய், பொழுதைப் போக்க ஒரு புத்தகம் எழுதத் தொடங்கியிருப்பதாக நண்பர் டேவிட் ஹியூமுக்குக் கடிதம் போட்டார். அதுதான் 'நாடுகளின் செல்வம்' ஆனது என்று பலர் கருதுகிறார்கள். ஜெனீவாவில் வால்டேரையும், பாரிஸில் கேனே, டர்கோ போன்ற பொருளாதாரச் சிந்தனையாளர்களையும் சந்தித்தார். 1766-ல் திரும்பி வந்து, கிர்கால்டியில் அம்மா வீட்டில் உட்கார்ந்து வருடக்கணக்காக எழுதினார்.

1776 மார்ச் 9-ல் புத்தகம் வெளியானது. விலை 1 பவுண்டு 16 ஷில்லிங். முதல் பதிப்பு ஆறே மாதத்தில் தீர்ந்தது. இன்று எல்லோரும் பேசும் 'கண்ணுக்குத் தெரியாத கை' என்ற சொல் அந்தப் பெரிய புத்தகத்தில் ஒரே ஒரு தடவைதான் வருகிறது. முதலாளிகள் கூடிப் பேசுவதைப் பற்றியோ பக்கம் பக்கமாக வருகிறது.

கூலி பேரத்தில் யார் கை ஓங்கும்?

முதலாளிகள் ஒன்றுசேர்வதை யாரும் கேள்விப்படுவதே இல்லை, அதனால் அப்படி நடப்பதில்லை என்று நினைப்பவருக்கு உலகமும் தெரியாது, விஷயமும் தெரியாது என்றார் ஸ்மித். கூலியை இப்போது இருக்கும் அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அவர்களுக்குள் சத்தமில்லாத ஓர் உடன்பாடு எப்போதும் எங்கேயும் இருக்கிறது என்பது அவர் கணிப்பு. அதை மீறுபவரைச் சக முதலாளிகளே மதிக்க மாட்டார்கள். தொழிலாளிகள் கூடினால் மட்டும் ஊருக்கே தெரியும். வயிறு காயும்போது சத்தம் போட்டுத்தானே ஆக வேண்டும்?

இதில் முதலாளி ஏன் ஜெயிக்கிறார்? ஸ்மித் சொன்ன காரணம் கையிருப்பு. நில உரிமையாளரோ ஆலை முதலாளியோ ஓர் ஆளைக்கூட வேலைக்கு வைக்காமல் ஓரிரண்டு வருடம் தாக்குப்பிடிப்பார். தொழிலாளிகளில் பலரால் ஒரு வாரம் முடியாது, சிலரால்தான் ஒரு மாதம் முடியும். நாள் போகப் போக முதலாளிக்கும் தொழிலாளி தேவைதான். ஆனா அந்தத் தேவை அவ்வளவு அவசரமானது இல்லை. சம்பளம் நிலுவையில் இருக்கும்போது வேலையை விட்டவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

சட்டமும் ஒரே பக்கம்தான் நின்றது. கூலியைக் குறைக்கக் கூடிப் பேசுவதைத் தடுக்க நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம்கூட இல்லை. கூலியை உயர்த்தக் கூடுவதைத் தடுக்கப் பல சட்டங்கள் இருந்தன. அதற்கு அவர் காட்டிய உதாரணம் லண்டன் தையல்காரர்கள். 1768-ன் சட்டப்படி, லண்டனிலும் சுற்றி 5 மைலிலும் ஒரு தையல் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 2 ஷில்லிங் ஏழரை பென்ஸுக்கு மேல் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். விலக்கு ஒன்றே ஒன்று, நாடு தழுவிய துக்க காலம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கறுப்பு உடை வேண்டுமே!

சந்தையில் அரசு தலையிடவே கூடாது என்று ஸ்மித் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. கூலியைப் பொருளாகக் கொடுக்காமல் பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தை அவர் வெளிப்படையாக ஆதரித்தார். பொருளாகக் கொடுத்தால், அதன் விலையை முதலாளி இஷ்டத்துக்கு ஏற்றிக் காட்டலாம் இல்லையா? தொழிலாளிக்குச் சாதகமாக வரும் சட்டம் எப்போதும் நியாயமாகவே இருக்கும், முதலாளிக்குச் சாதகமாக வருவது சில நேரம் அப்படி இருக்காது என்பது அவர் கருத்து. காரணம், இந்த விஷயத்தில் சட்டம் போடுபவர்களுக்கு யோசனை சொல்பவர்களே முதலாளிகள்தான்.

அவர் எதிர்த்த சட்டங்களும் உண்டு. ஒரு தொழிலுக்குள் நுழைய ஏழு வருடம் பயிற்சியாளராகக் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்ற விதி, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பிழைக்கப் போகும் ஏழையைத் திருப்பி அனுப்பும் சட்டம் இரண்டையும் கடுமையாகச் சாடினார். ஏழையின் சொத்து அவன் கைகளின் பலமும் திறமையும்தான், அதை விரும்பிய இடத்தில் விற்க விடாமல் தடுப்பது திருட்டுக்குச் சமம் என்ற பொருளில் எழுதினார்.

கூலி எப்போது உயரும் என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. ஆள் கிடைக்காமல் முதலாளிகளே ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு அதிகம் தர முன்வரும்போது அவர்களுடைய உடன்பாடு தானாகவே உடையும். அன்றைய இங்கிலாந்து அமெரிக்கக் குடியேற்றங்களைவிடப் பணக்கார நாடு. ஆனாலும் நியூயார்க்கில் கூலி அதிகம். அங்கே தொழில் வேகமாக வளர்ந்தது, ஆட்கள் போதவில்லை.

டார்கெட் பற்றியும் எழுதியிருக்கிறார்

அந்தச் சொல் அப்போது இல்லை. செய்த அளவுக்குக் கூலி என்ற முறை இருந்தது. நல்ல ரேட் கொடுத்தால் ஆட்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று முதலாளிகள் புலம்பிய காலம் அது. ஸ்மித் பார்த்தது நேர் எதிராக இருந்தது. அதிகம் சம்பாதிக்கலாம் என்றதும் தொழிலாளிகள் அளவுக்கு மீறி உழைத்து, சில வருடங்களிலேயே உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள். லண்டனில் ஒரு தச்சரால் முழு வலுவோடு எட்டு வருடத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது என்று அப்போது பேசிக்கொண்டதைக் குறிப்பிடுகிறார். வாரத்தில் நாலு நாள் வெறித்தனமாக உழைப்பதுதான் மற்ற மூன்று நாள் சும்மா கிடப்பதற்குக் காரணம் என்றும் சொன்னார். முதலாளிக்குக் கொஞ்சம் புத்தியும் இரக்கமும் இருந்தால், வேலையை முடுக்கிவிடுவதைவிட நிதானப்படுத்தவே வேண்டியிருக்கும் என்பது அவர் யோசனை.

இந்தியாவுக்கு இதில் என்ன தொடர்பு?

ஸ்மித் மிகக் கடுமையாக விமர்சித்த நிறுவனம் கிழக்கிந்தியக் கம்பெனி. போட்டியே இல்லாத வியாபாரி நாட்டையும் ஆண்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் வங்காளத்தைக் காட்டினார். கம்பெனி ஆட்கள் ஓர் இடத்தில் விவசாயியிடம் நல்ல கசகசாப் பயிரை உழுது அழித்து நெல் போடச் சொல்வார்கள். இன்னோர் இடத்தில் நெல்லை அழித்துக் கசகசா போடச் சொல்வார்கள். பஞ்சத்தைத் தடுக்க என்பது வெளியே சொன்ன காரணம். அபினை நல்ல விலைக்கு விற்பதுதான் உண்மையான கணக்கு. வங்காளப் பஞ்சம் நடந்து சில வருடங்களே ஆகியிருந்த நேரம் அது. அரிசி வியாபாரத்தில் கம்பெனி ஆட்கள் போட்ட தவறான கட்டுப்பாடுகள், தட்டுப்பாடாக இருந்ததைப் பஞ்சமாக மாற்றியிருக்கக் கூடும் என்று எழுதினார்.

கவனிக்க வேண்டிய விஷயம், அவர் தனி ஆட்களைத் திட்டவில்லை. குறைவான சம்பளத்தைக் கொடுத்து, பத்தாயிரம் மைல் தள்ளி அனுப்பி, சொந்தமாக எதுவும் சம்பாதிக்காதே என்று ஓர் உத்தரவும் போட்டுவிட்டு, குமாஸ்தாக்கள் அதன்படி நடப்பார்கள் என்று எதிர்பார்ப்பது முட்டாள்தனம் என்றார். அந்த இடத்தில் யாரை உட்கார வைத்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள், குற்றம் ஏற்பாட்டில் இருக்கிறது என்பது அவர் வாதம்.

கடைசி நாட்கள்

1778-ல் ஸ்மித்துக்குக் கிடைத்த வேலையை நினைத்தால் சிரிப்பு வரும். இறக்குமதித் தடைகளுக்கு எதிராக அவ்வளவு எழுதியவர் எடின்பரோவில் சுங்க ஆணையர் ஆனார், ஆண்டுக்கு 600 பவுண்டு சம்பளத்தில். தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு வீட்டு அலமாரியைத் திறந்தால், அவருடைய கழுத்துத் துணி, கைக்குட்டை எல்லாமே பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருந்தவை. எல்லாவற்றையும் எரித்துவிட்டதாக ஒரு கடிதத்தில் எழுதினார். புதிய சம்பளம் வருகிறது என்பதால் கோமகன் தந்த 300 பவுண்டு இனி வேண்டாம் என்றார். கோமகன் கேட்கவில்லை.

1790 ஜூலை 17-ல் எடின்பரோவில் இறந்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு, முடிக்காத கையெழுத்துப் பிரதிகளை நண்பர்களைக் கொண்டு எரிக்கச் செய்துவிட்டார். கேனன்கேட் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

ஒன்பது வருடம் கழித்து, 1799-ல், ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, ஸ்காட்லாந்து நிலக்கரித் தொழிலாளிகளில் மிச்சமிருந்தவர்களையும் முதலாளியின் பிடியிலிருந்து முழுசாக விடுவித்தது. இன்னொன்று, கூலி உயர்வுக்காகத் தொழிலாளிகள் ஒன்றுசேர்வதை எல்லாத் தொழிலுக்கும் சேர்த்துத் தடை செய்தது. அந்தத் தடை நீங்க 1824 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.