சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளை விளையாட அனுப்பிய டாக்டர் ஜாஸ்லின்



சர்க்கரை நோய் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் காலையில் நடைப்பயிற்சி போகும் பெரியவர்கள்தான். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அந்த நோய் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உடலில் இன்சுலின் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும் டைப் 1 வகை அது. இனிப்பு அதிகம் தின்றதால் வருவதல்ல. பெற்றோரின் தவறும் அல்ல. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கோடை முகாம் அமைய உழைத்த ஒரு மருத்துவரைப் பற்றி இந்த இதழில் தெரிந்துகொள்வோம்.

எலியட் ஜாஸ்லின் 1869 ஜூன் 6 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில் பிறந்தார். ஹார்வர்டில் மருத்துவம் படித்தார். மாணவராக இருந்தபோதே சர்க்கரை நோயாளிகளின் விவரங்களைப் பேரேட்டில் எழுதத் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் அதைத் தொடர்ந்தார். பின்னர் அவருடைய தாய்க்கும் இதே நோய் வந்தது. அப்போது இன்சுலின் கிடையாது. அளந்த உணவாலேயே அந்த அம்மாள் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

பிள்ளைகளின் நிலைமை வேறு. பட்டினிக்குச் சற்று மேலான உணவைக் கொடுத்து, சாவைச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ தள்ளிப்போட முடிந்தது, அவ்வளவுதான். 1921-இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஆகஸ்டில், எலும்பும் தோலுமாக இருந்த எலிசபெத் மட்ஜ் என்ற செவிலியருக்கு ஜாஸ்லின் முதன்முதலாக அந்த ஊசியைப் போட்டார். அவர் தேறி எழுந்தார்.

மற்றவர்கள் மருந்து வந்துவிட்டது என்று நிம்மதி அடைந்தபோது, ஜாஸ்லின் அடுத்த வேலையைப் பார்த்தார். ஊசியைத் தினமும் போட வேண்டும். உணவை அளக்க வேண்டும். சிறுநீரைச் சோதனைக் குழாயில் காய்ச்சி, நிறம் மாறுவதைப் பார்த்துச் சர்க்கரையைக் கணிக்க வேண்டும். இதையெல்லாம் மருத்துவர் கூடவே இருந்து செய்ய முடியாது. நோயாளியே கற்றாக வேண்டும். இதற்காகவே அவர் 1918-இலேயே நோயாளிகளுக்கென்று ஒரு கையேடு எழுதியிருந்தார். வீட்டுக்கே சென்று கற்றுத்தரும் செவிலியர்களையும் உருவாக்கினார். உணவு, இன்சுலின், உடற்பயிற்சி மூன்றும் ஒரே தேரை இழுக்கும் குதிரைகள் என்பது அவர் பாடம்.

பிள்ளைகளுக்கு இதை எங்கே கற்றுத்தருவது? அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கிய கிளாரா பார்ட்டனும் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். அவர் பிறந்த இடத்தில் 1932-இல் சர்க்கரை நோயுள்ள சிறுமிகளுக்குக் கோடை முகாம் தொடங்கியது. அதற்குத் துணை நின்றவர் ஜாஸ்லின். பின்னர் பக்கத்து ஊரான சார்ல்டனில் சிறுவர்களுக்கான முகாம் 1948-இல் அவர் பெயரிலேயே அமைந்தது.

முகாமின் பயனை யோசித்துப் பாருங்கள். பள்ளியில் ஊசி போட்டுக்கொள்ளும் ஒரே பிள்ளை, எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ளும் இடத்துக்கு வருகிறது. அங்கே அது வேடிக்கைப் பொருள் அல்ல. ஓடுகிறது, நீந்துகிறது. ஓடினால் சர்க்கரை இறங்கும் என்பதைத் தன் உடம்பிலேயே படிக்கிறது. பெற்றோருக்கோ, பிள்ளையை வெளியே அனுப்பலாம் என்ற தைரியம் வருகிறது.

ஜாஸ்லின் முதுமையிலும் நோயாளிகளைப் பார்த்துவந்தார். 1962-இல், தம் 92-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் கற்பித்ததில் அக்கம்பக்கத்தாராகிய நமக்கும் பங்கு உண்டு. இத்தகைய பிள்ளையை விளையாட்டிலிருந்தும் பிறந்தநாள் விழாவிலிருந்தும் ஒதுக்காதீர்கள். என்ன கொடுக்கலாம் என்று பெற்றோரிடம் கேளுங்கள். விளையாடும்போது கை நடுங்கினால், வியர்த்துக் கொட்டினால், பேச்சு குழறினால், சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே சர்க்கரைத் தண்ணீரோ பழச்சாறோ கொடுத்து, பெற்றோரை அழையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

இவ்வளவு தெரிந்த பெரியவர் ஒருவர் மைதானத்தில் இருந்தால், அந்தப் பிள்ளை மற்றவர்களைப் போலவே மாலை முழுவதும் விளையாடலாம்.