ராஜம்மா, ரோசி, ராஜம்மாள்

மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி, வாழ்நாளில் பெரும்பகுதியை நம் நாகர்கோவில் பக்கம்தான் கழித்தார். அக்கம்பக்கத்தில் யாருக்கும் அது தெரியாது. தெரியாமல் இருந்ததால்தான் அவரால் நிம்மதியாக இருக்க முடிந்தது.

1903 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரம் நந்தன்கோட்டில், ஏழைப் புலையர் குடும்பத்தில் ராஜம்மா பிறந்தார். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்தார். புல் அறுத்து விற்றுத்தான் சாப்பாடு. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நாடகப் பைத்தியம். மாமா ஒருவர் ஆதரவாக இருந்து பாட்டும் நடிப்பும் கற்க வழிசெய்தார். வீட்டுப் பெரியவர்களுக்கோ பயம். பெண் மேடையேறினால் குடும்பப் பெயர் போய்விடுமே என்ற பயம்தான். பசிக்கு உதவாத பெயர், கூத்துக்கு மட்டும் குறுக்கே வந்தது.

அவர் தேர்ந்தது காக்காரிசி நாடகத்தில். சிவனும் பார்வதியும் குறிசொல்லும் நாடோடிகளாகப் பூமிக்கு இறங்கி வரும் கதை அது. பாட்டில் தமிழும் மலையாளமும் கலந்து வரும்.

அப்போது ஜே.சி.டேனியல் என்பவர் 'விகதகுமாரன்' என்ற படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். இவரும் நம் மாவட்டத்துக்காரர்தான், அகஸ்தீஸ்வரம். நிலத்தை விற்று திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ அமைத்து, கதை எழுதி, இயக்கி, கதாநாயகனாகவும் அவரே நடித்தார். பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகை ஒத்துவராமல் போகவே, கூலிக்காரப் பெண்ணுக்கு வாய்ப்பு வந்தது. ராஜம்மா ரோசி ஆனார். நாளுக்கு 5 ரூபாய், 10 நாள் படப்பிடிப்பு என்று சொல்வார்கள். அவர் ஏற்ற பாத்திரம் சரோஜினி என்ற நாயர் குடும்பத்துப் பெண். பாடத் தெரிந்தவருக்குக் கிடைத்தது பேசாத படம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படம் திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் வெளியானது. ரோசி வந்து உட்கார்ந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று பெரிய மனிதர்கள் சொல்லிவிட்டார்கள். படம் எடுத்தவரும் கதாநாயகிக்கு அழைப்பு அனுப்பவில்லை. நாயகியின் தலையில் இருந்த பூவை நாயகன் முத்தமிடும் காட்சி வந்ததும் திரையை நோக்கிக் கற்கள் பறந்தன. வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாத உருவத்தின் மீது! சாதியைக் கண்டுபிடிக்க அவர்களுக்குக் குரல் தேவைப்படவில்லை.

திரையோடு நிற்கவில்லை. அவருடைய குடிசைக்கும் தீ வைத்தார்கள் என்றே சொல்லப்படுகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் வந்த லாரி ஒன்றில் ஏறித் தப்பினார். அந்த லாரியின் ஓட்டுநர் கேசவ பிள்ளையையே பின்னர் மணந்துகொண்டார்.

கேசவ பிள்ளை நாயர். படத்தில் சில நிமிடம் நாயர் பெண்ணாக வந்ததற்கு ஊரே கல்லெறிந்தது. அதே பெண் ஐம்பது வருடத்துக்கும் மேலாக நாயர் ஒருவரின் மனைவி ராஜம்மாளாகக் குடும்பம் நடத்தினார். ஒரு கல்கூட விழவில்லை. அதைவிட நல்ல நடிப்பை எந்தப் படத்திலும் அவர் காட்டியிருக்க முடியாது. ஆனால் அந்த வேடத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது. பிறந்த சாதியை மறந்தவர்போல இருக்க வேண்டும், மேடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது, பெற்ற பிள்ளைகளிடமும் பழையதைப் பேசக்கூடாது. தாய் நடிகை என்பதைப் பற்றி ஏதும் பெரிதாக அறியாமல் பிள்ளைகள் நாயர்களாகவே வளர்ந்தார்கள்.

டேனியல் கதையும் சுகமில்லை. கடனில் ஸ்டுடியோ போனது. பல் வைத்தியராகப் பிழைத்தார். படத்தின் பிரதியை அவருடைய மகனே சிறுவயதில் விளையாட்டாகத் தீயிட்டுவிட்டதாகச் சொல்வார்கள். 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். அவர் தமிழ்நாட்டுக்காரர் என்று காரணம் சொல்லி உதவித்தொகை மறுத்த கேரள அரசு, 1992இல் அவர் பெயரிலேயே விருதை ஏற்படுத்தியது.

ரோசி 1988இல் இறந்தார். குன்னுக்குழி எஸ்.மணி போன்றோர் விடாமல் தேடியதால்தான் அவர் கதை வெளியே வந்தது. 2013இல் 'செல்லுலாய்ட்' படம் வந்தது. இப்போது சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. விழாப் பதாகையில் போடுவதற்கு, இவர்தான் ரோசி என்று உறுதியாகச் சொல்லக்கூடிய புகைப்படம் ஒன்றுகூட இல்லை.