பிணியிலும் பணி மறவாதவர்

மேட்டூரில் மலைகளை விட்டுச் சமவெளியில் இறங்கும் காவிரியாறு பவானி, ஈரோடு, கொடுமுடி ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்கிறது. பின்னர்க் கிழக்கே திரும்பித் திருச்சிராப்பள்ளியைக் கடந்து கும்பகோணத்தை வளப்படுத்துகிறது. இவ்வாற்றின் கரையிலேயே பிறந்து, இதன் கரையிலேயே வளர்ந்து, உலகம் போற்றும் புகழெய்தி, நோயுற்ற உடலோடு மீண்டும் இதன் கரையையே நாடி வந்தவர் ஒருவர் உண்டு. அவரே கணித மேதை சீனிவாச இராமானுசன். அவருடைய அறிவின் பெருமையை நாம் பலவாறு கேட்டிருக்கிறோம். ஆனால் அவர் வாழ்ந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் இறுதி மூன்று ஆண்டுகளை இன்ன நோய் என்று எவரும் உறுதியாகக் கூற இயலாத கொடும்பிணியோடு கழித்தார் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்நிலையிலும் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அறிவது நமக்குப் பெரும்பயன் தரும்.

பிறப்பும் இளமையும்

இராமானுசன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில், தம் தாய் கோமளத்தம்மாளின் பிறந்தகத்தில் தோன்றினார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராக இருந்தார். நாமக்கல்லில் எழுந்தருளியிருக்கும் நாமகிரித் தாயாரே அக்குடும்பத்தின் குலதெய்வம். நெடுநாள் மகப்பேறின்றி இருந்த கோமளத்தம்மாள் அத்தாயாரை வேண்டியே இம்மகனைப் பெற்றார் என்பர்.

குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் காலத்தில், 1889ஆம் ஆண்டில், பெரியம்மை கண்டது. அக்காலத்தில் ஊர்தோறும் எண்ணற்ற உயிர்களைக் கொள்ளை கொண்ட நோய் அது. உலகத்தை விட்டே அது நீங்கிற்று என்று 1980ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது. இராமானுசன் அந்நோயினின்றும் தப்பிப் பிழைத்தார். எனினும் அதன் தழும்புகள் அவர் முகத்தில் நிலைத்தன. அவருக்குப் பின் பிறந்த குழந்தைகள் சிலர் பிறந்த சில திங்கள்களிலேயே மாண்டனர். நோயும் இழப்பும் அவருடைய வீட்டிற்குப் புதியன அல்ல.

பள்ளியில் அவர் கணிதத்தில் ஒப்பாரும் மிக்காரும் இன்றி விளங்கினார். ஆயினும் கல்லூரியில் கணிதம் ஒன்றையே கருதிப் பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் உதவித்தொகையை இழந்தார். 1906ஆம் ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சீதபேதி அவரை வாட்டியது; ஊர் திரும்ப நேர்ந்தது. பட்டம் பெறும் வாய்ப்பும் கைநழுவிற்று. அன்று வந்து போன அச்சிறு நோய், பின்னாளில் அவர் உயிருக்கே உலை வைத்திருக்கலாம் என்பதை அப்போது யார் அறிவார்!

1910ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருக்கு ஓர் அறுவை மருத்துவம் செய்ய வேண்டியதாயிற்று. கையிற் பொருளில்லை. நல்லுள்ளம் படைத்த மருத்துவர் ஒருவர் கூலி பெறாமலே அதனைச் செய்து முடித்தார். அக்காலத்தில், தாம் பிழைப்போமோ என்ற ஐயம் எழுந்தபோது, இராமானுசன் தம் கணிதக் குறிப்பேடுகளை நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். தமக்கு ஏதேனும் நேர்ந்தால் அவற்றைத் தக்க பேராசிரியரிடம் சேர்த்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். உயிருக்கு அஞ்சிய வேளையிலும் அவர் கவலை தம் குறிப்பேடுகளைப் பற்றியதாகவே இருந்தது.

கடல் கடந்த கல்வி

1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். அடுத்த ஆண்டு சனவரித் திங்களில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் கணிதப் பேராசிரியருக்குத் தம் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். ஹார்டி அவற்றைக் கண்டு வியந்து அவரைத் தம்மிடம் அழைத்தார். 1914ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் இராமானுசன் கப்பலேறினார்.

அவர் இங்கிலாந்தை அடைந்த சில திங்கள்களில் முதல் உலகப் போர் மூண்டது. காய்கறிகளும் கனிகளும் அரிதாயின. புலால் உண்ணாத இராமானுசன் தம் உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். கணக்கில் ஆழ்ந்துவிட்டால் உணவையும் உறக்கத்தையும் மறந்துவிடுவார். வேளை தவறிய உணவு, பழகாத குளிர், உற்றாரைப் பிரிந்த தனிமை ஆகிய மூன்றும் ஒன்றுகூடி அவர் உடலை மெல்ல மெல்ல அரித்தன. 1916ஆம் ஆண்டில் ஆய்வுக்குரிய பட்டம் பெற்றார். 1917ஆம் ஆண்டில் நோயிற் படுத்தார்.

பெயர் தெரியாத நோய்

இரவில் காய்ச்சல் எழும், உடல் மெலியும், வயிற்றில் வலி தோன்றும், சில நாள் தணிந்திருந்து மீண்டும் தலைதூக்கும். மருத்துவர்கள் பலர் பார்த்தனர். வயிற்றுப்புண் என்றார் ஒருவர். புற்றாக இருக்கலாம் என ஐயுற்றார் மற்றொருவர். குருதியில் நஞ்சு கலந்துள்ளது என்றும் கருதினர். இறுதியில் எலும்புருக்கி நோய் என்று கொண்டு அதற்குரிய மருத்துவமே செய்தனர். சாமர்செட்டு, டார்பிசயர் என்னும் கோட்டங்களிலும் இலண்டன் மாநகரிலும் இருந்த நோயாளர் இல்லங்களில் அவர் மாறி மாறித் தங்கினார்.

நோயின் துன்பம் ஒன்று. நோய் இன்னதென்று அறியாத துன்பம் மற்றொன்று. முன்னையது உடலை வருத்தும். பின்னையது உள்ளத்தை வருத்தும். இராமானுசன் இரண்டையும் நுகர்ந்தார். நோயாளர் இல்லத்து உணவு அவருக்கு ஒவ்வவில்லை. ஊரிலிருந்து கடிதங்களும் அடிக்கடி வரவில்லை. அவர் மனம் பெரிதும் சோர்ந்தது. மருத்துவர்களோடு அவர் பிணங்கிய நாள்களும் உண்டு. அவரும் நம்மைப் போன்ற மனிதரே அல்லரோ?

நோயோடு வாழ்தல்

ஆயினும் அவர் பணி நின்றுவிடவில்லை. எலும்புருக்கி நோய்க்குத் தூய காற்றே மருந்து என்று நம்பிய காலம் அது. ஆதலால் நோயாளர் இல்லங்களில் அறைகள் குளிர்ந்தே கிடந்தன. விரல்கள் விறைக்கும் அக்குளிரில் எழுதுவது எப்படி? குளியலறை மட்டும் வெதுவெதுப்பாக இருப்பதை இராமானுசன் கண்டார். நாள்தோறும் ஒரு மணி நேரம் தாளும் எழுதுகோலும் கொண்டு அங்கே சென்று, இரண்டு மூன்று கட்டுரைகளை விரைவில் எழுதியனுப்புவதாக ஹார்டிக்குத் தெரிவித்தார். முன்பு இரவு பகல் பாராது உழைத்தவர் இப்போது ஒரு மணி நேரத்தைத் தேடிப் பெற்றார்; அதனையும் வீணாக்காமல் பயன்கொண்டார்.

அந்நாள்களில் அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று எண்களைப் பிரித்தெழுதுவது. 4 என்னும் எண்ணை எத்தனை வகையாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 4; 3, 1; 2, 2; 2, 1, 1; 1, 1, 1, 1 என ஐந்து வகை. 9 என்னும் எண்ணையோ முப்பது வகையாகப் பிரிக்கலாம். 4 அல்லது 9 என்னும் இலக்கத்தில் முடியும் எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதனைப் பிரிக்கும் வகைகளின் தொகை ஐந்தால் மீதியின்றி வகுபடும் என்று இராமானுசன் கண்டார். இதனை நிறுவிய கட்டுரை 1919ஆம் ஆண்டில் அச்சேறியது.

1918ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. அப்பெருமையைப் பெற்ற இந்தியருள் அவர் இரண்டாமவர். அதே ஆண்டு அக்டோபரில் கேம்பிரிட்ஜின் டிரினிட்டிக் கல்லூரியும் அவரைத் தன் ஆய்வுறுப்பினராக ஏற்றது. அச்சிறப்பை எய்திய முதல் இந்தியர் அவரே. இவ்விரு பெருமைகளும் அவர் நோயாளியாக இருந்தபோதே வந்தன.

இலண்டனை அடுத்த பட்னி என்னும் இடத்தில் அவர் படுத்திருந்தபோது ஹார்டி காண வந்தார். தாம் ஏறி வந்த வண்டியின் எண் 1729 என்றும், அதில் சிறப்பு ஒன்றும் இல்லை என்றும் அவர் பேச்சுவாக்கில் சொன்னார். இராமானுசன் உடனே அதனை மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவேறு வகையில் எழுதக்கூடிய எண்களுள் மிகச் சிறியது அதுவே என்று விளக்கினார். 1, 12 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. உடல் கட்டிலில் கிடந்தது; அறிவோ எண்களின் உலகில் உலவியது.

அவர்தம் அருளுள்ளத்தைக் காட்டும் செயல் ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. 1919ஆம் ஆண்டு சனவரியில் அவர் அதற்கு விடை எழுதினார். ஆண்டுதோறும் தம் பெற்றோருக்கு 50 பவுன் அளித்து, தம் இன்றியமையாச் செலவு போக எஞ்சும் தொகையை, ஏழை மாணவர்க்கும் பெற்றோரற்றோர்க்கும் கல்விக் கட்டணச் சலுகை தரவும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்துமாறு வேண்டினார். ஒருகாலத்தில் உதவித்தொகை இழந்து வருந்தியவர், நோய்ப்படுக்கையிலிருந்து பிறர்தம் கல்வியை எண்ணினார்.

காவிரிக் கரையில்

1919ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் இராமானுசன் பம்பாயில் வந்திறங்கினார். கடல் கடந்து சென்றபோது இருந்த உடற்கட்டு இல்லை. கோடையின் வெப்பத்தினின்றும் விலக, அவ்வாண்டின் நடுவில் கொடுமுடியில் சில காலம் தங்கினார். மேட்டூர் அணை அந்நாளில் எழவில்லை. அது 1934ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. ஆதலால் மலையிற் பெய்த மழை தடையின்றிப் பெருகிவரும் ஆறாகவே காவிரி அவர் முன் ஓடியது. அக்கரையில் பரந்து கிடப்பது நாமக்கல் சமவெளி. அவர் பிறந்த ஈரோடு ஆற்றின் மேற்பக்கம். வளர்ந்த கும்பகோணம் கீழ்ப்பக்கம். இளமையில் அறிந்த நீரும் நிலமும் அவருக்கு ஆறுதல் அளித்திருக்கலாம்; நோயைத் தீர்க்க அவற்றால் இயலவில்லை.

கொடுமுடியிலிருந்து கும்பகோணம் சென்றார். பின்னர்ச் சென்னையை அடைந்தார். எலும்புருக்கி நோய் மருத்துவத்தில் தேர்ந்த சந்திரசேகர ஐயர் என்பவர் மருத்துவம் பார்த்தார். துணைவியார் சானகி அம்மையார் இரவும் பகலும் அருகிருந்து ஒத்தடம் கொடுத்துப் பேணினார். படுத்தவாறே அவர் கேட்கும்போதெல்லாம் பலகையையும் தாளையும் எடுத்துக் கொடுத்தார். 1920ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் இராமானுசன் ஹார்டிக்குத் தம் கடைசிக் கடிதத்தை எழுதினார். தாம் புதிதாகக் கண்ட ஒருவகைச் சார்புகளைப் பற்றி அதில் விளக்கினார். அவற்றின் உட்பொருளை முழுதும் உணரக் கணித உலகிற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் அவர் ஆவி பிரிந்தது. இறப்பதற்குச் சில நாள் முன்பு வரை அவர் கை கணக்கு எழுதிக்கொண்டே இருந்தது.

அவ்விறுதி ஓராண்டில் எழுதிய தாள்கள் நெடுங்காலம் மறைந்து கிடந்தன. 1976ஆம் ஆண்டில் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் அவற்றைக் கண்டெடுத்தார். நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அத்தாள்களில் அறுநூறுக்கும் மேற்பட்ட வாய்பாடுகள் இருந்தன.

மருத்துவம் தந்த விளக்கம்

இராமானுசனை வாட்டிய நோய் எது? 1994ஆம் ஆண்டில் யங் என்னும் ஆங்கில ஆய்வாளர் பழைய குறிப்புகளையும் நோயின் அறிகுறிகளையும் ஆராய்ந்தார். அது எலும்புருக்கி நோயன்று. சீதபேதியை உண்டாக்கும் அமீபா என்னும் நுண்ணுயிர் ஆண்டுக் கணக்கில் உடலில் ஒளிந்திருந்து கல்லீரலைத் தாக்கியதால் வந்த நோயாகலாம் என்று அவர் முடிவு கூறினார். இளமையில் வந்த சீதபேதி முற்றும் நீங்காமல் உள்ளே தங்கிற்று என்பது அவர் கருத்து. அந்நோய்க்கு அக்காலத்திலேயே மருந்து இருந்தது. ஆனால் நோயின் பெயர் தெரிந்தால் அன்றோ மருந்தைத் தேட இயலும்?

இத்தகைய நிலை அவர் ஒருவருக்கு மட்டும் உற்றதன்று. 1912ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு மருத்துவர் ஹஷிமோட்டோ, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வீங்கிக் கெடும் நோய் ஒன்றை முதன்முதல் விளக்கினார். உடலைக் காக்க வேண்டிய ஆற்றலே தன் உறுப்பைப் பகையாகக் கருதித் தாக்குவதே அதற்குக் காரணம் என்பது 1956ஆம் ஆண்டில்தான் தெரிந்தது. இன்று குருதியைச் சோதித்து அந்நோயை அறிகின்றனர். நாள்தோறும் உண்ணும் சிறு மாத்திரையால் சுரப்பியின் குறையை ஈடுசெய்கின்றனர். வைரசு என்னும் நச்சுயிரிகள் சில உடலில் நெடுநாள் தங்கி வாட்டுவதும் உண்டு. இத்தகைய நோயுடையார் வெளித்தோற்றத்தில் நலமுடையார் போன்றே காணப்படுவர். உள்ளேயோ அயர்வும் வலியும் நாள்தோறும் அவர்களை வருத்தும். கண்ணுக்குப் புலப்படாமையால் அந்நோயைப் பொய்யென்றும் சோம்பல் என்றும் பிறர் கருதுவது பெரும்பிழை.

மாணவர்களே! இராமானுசன் நோயுற்றதனால் மேதையாகவில்லை. நோயில்லாதிருந்தால் இன்னும் பல்லாண்டு வாழ்ந்து இன்னும் பல உண்மைகளைத் தந்திருப்பார். ஆதலால் உணவையும் உறக்கத்தையும் மறந்து உழைப்பதை அவரிடமிருந்து நாம் கற்க வேண்டுவதில்லை. உடல் தந்த ஒரு மணி நேரத்தையும் பொன்போல் போற்றியதையும், தம் துன்பத்தினிடையே பிறர் துன்பத்தை எண்ணியதையும் கற்க வேண்டும். உடலில் குறை தோன்றின் மறைக்காமல் உரியவரிடம் கூறுதலும், நெடுநாள் நோயால் வருந்தும் தோழரின் சொல்லை நம்பி அவர்க்குத் துணை நிற்றலும் நம் கடமையாகும். நல்ல மருத்துவமும் அன்புடைய சுற்றமும் உரிய காலத்தில் வாய்த்தால், நோயோடு வாழ்வோரும் நிறைவாழ்வு வாழலாம். நாட்டிற்கும் நற்பணி ஆற்றலாம்.