சராசரியோடு நின்றுவிடாத கார்ல் பியர்சன்

புள்ளியியல் பாடம் எடுத்த மாணவர் எவருக்கும் பியர்சன் என்ற பெயர் புதிதன்று. தேர்வுக்காக அவருடைய சூத்திரத்தை மனனம் செய்த நம்மில் எத்தனை பேர் அந்த மனிதரை அறிவோம்?

கார்ல் பியர்சன் 1857ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, 1884இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியரானார். 1900இல் கை-வர்க்கச் சோதனையை உலகுக்கு அளித்தார்.

1904இல் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் ஒருவர் அவரை நாடினார். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில், குண்டடிபட்டு மாண்ட பிரிட்டிஷ் வீரர்களைவிட நோயால் மாண்டவர்களே அதிகம். அந்நோய்களுள் முதன்மையானது டைபாய்டு. ஆல்ம்ராத் ரைட் உருவாக்கிய தடுப்பூசியை எல்லா வீரர்களுக்கும் போடலாமா என்பதே கேள்வி.

தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த படைகளின் கணக்குகளைப் பியர்சன் ஒன்றுதிரட்டினார். தடுப்பூசிக்கும் நோய் வராமைக்கும் உள்ள தொடர்பை ஐந்து குழுக்களில் தனித்தனியே அளந்தார். தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1. கிடைத்த விடைகளோ 0.02 முதல் 0.445 வரை சிதறிக் கிடந்தன. சராசரி ஏறத்தாழ 0.23.

சராசரியைச் சொல்லிவிட்டு அவர் ஒதுங்கியிருக்கலாம். ஆனால், குழுவுக்குக் குழு ஏன் இத்தனை வேறுபாடு என்று கேட்டார். சில குழுக்கள் மிகச் சிறியவை. மேலும், தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொண்டவர்கள் இயல்பிலேயே உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்களாக இருக்கலாம் அல்லவா? எனவே, முன்வருவோரைப் பட்டியலிட்டு, ஒருவர் விட்டு ஒருவருக்கு ஊசி போட்டு ஒப்பிடுமாறு பரிந்துரைத்தார். அதுவரை எல்லாருக்கும் போடுவதை அவர் ஆதரிக்கவில்லை. ரைட் கடுமையாக மறுத்து எழுதினார்.

முதல் உலகப் போரில் பெரும்பாலான பிரிட்டிஷ் வீரர்கள் அத்தடுப்பூசியைப் போட்டுக்கொண்டனர். டைபாய்டும் வெகுவாகக் குறைந்தது. பியர்சனின் தயக்கம் மிகையாக இருக்கலாம். அவர் எழுப்பிய கேள்வி மிகையன்று.

1936இல் பியர்சன் மறைந்தார். மனித இனங்களைத் தரம் பிரித்த அவருடைய கொள்கையை நாம் ஏற்க முடியாது. அதன் பொருட்டே 2020இல் அவர் பணியாற்றிய கல்லூரி தன் கட்டடத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது. பிறர் எண்களை அத்தனை ஐயத்தோடு பார்த்தவர், தம் நம்பிக்கைகளை அவ்வாறு பார்க்கவில்லை.

இன்று பல ஆய்வுகளைத் தொகுத்து மருந்துகளை மதிப்பிடும் எவரும் பியர்சனின் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும். இவற்றை ஒன்றாகக் கூட்டுவது தகுமா? ஆய்வேட்டுக்காகக் கணினியில் எண்களை உள்ளிடும் நாமும், விசையை அழுத்துமுன் அதைக் கேட்டுப் பழகுவோம்.