மலை எலிக்குப் பெயர் வைத்த மருந்துக் கடைக்காரர்

கம்பத்திலிருந்து குமுளிக்கு மலைப் பாதை ஏறுகிறது. பிறகு முண்டக்கயம் வழியாகக் கோட்டயத்துக்கு இறங்குகிறது. அந்த மேற்கு மலைகளின் ஈரக் காடுகளில் ஒரு சிறிய எலி உண்டு. பகலில் மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் தூங்கும். இரவில் மரம் ஏறி இரை தேடும். மிளகும் பலாப்பழமும் தின்னும். முதுகு மயிருக்கு நடுவே தட்டையான முட்கள் இருக்கும். வால் நுனியில் வெள்ளைக் குஞ்சம்! சமவெளியில் பந்தாகச் சுருளும் முள்ளெலி வேறு, இது வேறு.

இந்த எலியை உலகம் அறியச் செய்தவர் எட்வர்ட் பிளைத்.

கடை நொடித்தது

பிளைத் 1810-ல் லண்டனில் பிறந்தார். பத்து வயதுக்குள் தந்தை இறந்துவிட்டார். வளர்ந்ததும் மருந்துக் கடை வைத்தார். ஆனால் மனம் வியாபாரத்தில் இல்லை. பறவை, விலங்கு என்றே அலைந்தது. கடை நொடித்துப் போயிற்று.

1841-ல் கல்கத்தா வந்தார். ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தில் பொறுப்பாளர் வேலை. மாதச் சம்பளம் 250 ரூபாய். சுமார் இருபது ஆண்டுகள் உழைத்தார். அந்தச் சம்பளம் ஏறவே இல்லை!

பாதிரியார் அனுப்பிய எலி

அந்நாளில் திருவிதாங்கூர் மலைவாழ் மக்களிடையே ஊழியம் செய்தவர் பேக்கர் பாதிரியார். அவர் இந்த எலியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். பிளைத் அதைப் புரட்டிப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். வாலைப் பார்த்தார். அதுவரை தெரிந்த எந்த எலி இனத்திலும் அது சேரவில்லை. ஆகவே 1859-ல் அதற்கெனத் தனிப் பேரினமே வகுத்தார். பிளாட்டகாந்தோமிஸ் என்று கிரேக்க மொழியில் பெயர் வைத்தார். தட்டை முள் எலி என்று பொருள்.

அதே 1859-ல் டார்வினின் புகழ் பெற்ற நூல் வெளிவந்தது. பிளைத்தின் கருத்தைத் தாம் மிக உயர்வாக மதிப்பதாக டார்வின் அதில் எழுதியிருந்தார்.

துயரம்

புகழ் வந்தது, சுகம் வரவில்லை. 1854-ல் மணந்த மனைவி 1857-ல் இறந்தார். பிளைத்தின் உடல்நலமும் கெட்டது. 1862-ல் வேலையை விட்டுத் தாயகம் திரும்பினார். ஆண்டுக்கு 150 பவுன் ஓய்வூதியம் கிடைத்தது. 1873 டிசம்பரில் காலமானார்.

பெயர் நிலைத்தது

அவர் வகுத்த பேரினம் இன்றும் நிற்கிறது. அதில் வாழும் இனம் இந்த ஒன்றே ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலை தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. இதன் நெருங்கிய உறவினம் சீனாவிலும் வியட்நாமிலும் இருக்கிறது.

காடு குறைவதால் இந்த எலிக்கும் ஆபத்து நேர்ந்திருக்கிறது. பிளைத் கொடுத்த பெயர் ஏட்டில் அழியாது. எலி அழியாமல் இருக்க வேண்டுமானால் மலையில் மரம் நிற்க வேண்டும்.