லியோ ஃபெண்டர் சரிதை

புலவர், போதகர், அரசியலார் ஆகியோர் சரிதங்களே இத்தகைய மலர்களில் பெரும்பாலும் இடம்பெறுவன. நாம் ஈண்டு எடுத்துக்கொண்டதோ ஒரு கைவினைஞர் வரலாறு. ஆசரிப்புக் கூடாரத்து வேலையைச் செய்த பெசலெயேலின் பெயரைத் திருமறையே மறவாது குறித்து வைத்திருத்தலின், அன்பர்கள் இதனைக் குறையாகக் கொள்ளார் என நம்புகிறோம்.

யாழுக்குப் பத்தர் எத்தகையதோ, வீணைக்குக் குடம் எத்தகையதோ, அத்தகையது மின் கித்தாருக்கு ஆம்பிளிஃபயர் எனப்படும் ஒலிபெருக்கி. நரம்பின் மெல்லிய அதிர்வைப் பத்தரின் உட்கூடு வாங்கிப் பெருக்கித் தரும். உட்கூடில்லாத கட்டை மரத்தாலாகிய கித்தாரோ தன்னளவில் ஊமை போன்றது. அதன் கம்பிகளின் அசைவு காந்தச் சுருளில் ஒரு நுண்ணிய மின்னோட்டத்தை எழுப்ப, அதனை ஒலிபெருக்கி வளர்த்து ஸ்பீக்கருக்கு அளிக்கிறது. ஆகவே, லியோ ஃபெண்டரைக் கித்தார் செய்தவர் என்று மட்டும் புகழ்வோர் அவர் தொழிலின் ஒரு பாதியையே கண்டவராவர். மற்றைப் பாதியே காலத்தால் முந்தியது. பெருமையாலும் முந்தியது என்பது எம் கருத்து.

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், அனாஹைம், ஃபுல்லர்ட்டன் என்னும் ஊர்களுக்கு அணித்தே ஆரஞ்சுத் தோட்டம் உடைய பெற்றோர்க்கு மகனாய்ப் பிறந்தார். எட்டாம் வயதில் ஒரு கட்டியினால் இடக்கண்ணை இழந்து, கண்ணாடிக் கண் பொருத்தப்பெற்றார். மோட்டார் வண்டிகளின் மின்சாதனங்களைச் செப்பனிடும் கடை நடத்திய மாமா ஒருவர், ரேடியோ உறுப்புக்களும் பாட்டரியும் அடங்கிய பெட்டி ஒன்றை அவருக்கு அனுப்பினார். மறுஆண்டு அக்கடைக்குச் சென்ற சிறுவர், உதிரி உறுப்புக்களைக்கொண்டு மாமா தாமே அமைத்திருந்த ரேடியோவிலிருந்து உரத்தெழுந்த இசையைக் கேட்டு, அதிலேயே மனம் பறிகொடுத்தார்.

கல்லூரியில் அவர் பயின்றது கணக்கியல். மின்னியலை எந்த ஆசிரியரிடத்தும் முறையாகக் கற்றாரல்லர். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் கணக்கர் வேலை இருமுறை கைவிட்டுப் போகவே, 1938இல் 600 டாலர் கடன் பெற்று ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தார். அதன்பின் பழுதுபட்ட பொருள்களே அவருக்கு ஆசான்களாயின. எந்த இணைப்பு விரைவில் விடும், எந்த உறுப்பு வெப்பத்தால் முதலிற் கெடும், எதனைக் கழற்ற முடியாமல் செப்பனிடுவோன் இடர்ப்படுவான் என்பவற்றை நாள்தோறும் கண்டறிந்தார். பின்னர் அவர் செய்த பொருள்கள் அனைத்தும், மீண்டும் ஒருநாள் திறக்கப்படும் என்னும் நினைவோடு செய்யப்பட்டனபோல் தோன்றுகின்றன.

ஈண்டு வால்வின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். காற்றகற்றிய கண்ணாடிக் குமிழினுள் சூடேற்றிய கேத்தோடு என்னும் முனையிலிருந்து எலக்ட்ரான்கள் எழுந்து பிளேட்டு என்னும் தகட்டை நோக்கிப் பாயும். இடையே ஒரு கம்பி வலை நிற்கும். மதகுப் பலகையைச் சிறிது அசைக்கும் கை ஏரி நீரின் பெருக்கை ஆள்வதுபோல, வலையில் ஏற்படும் சிறு மின்னழுத்த மாற்றம் பெரிய மின்னோட்டத்தை ஆள்கிறது. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் அமைத்த இம்முறையையே ஃபெண்டரும் கையாண்டார். மின் கித்தாரும் அவருக்கு முன்னரே இருந்தது. அவருடைய சுற்றமைப்புக்களின் மூலங்களை வால்வு செய்வோர் வெளியிட்ட கையேடுகளிற் காணலாம். எல்லாவற்றையும் அவரே படைத்தாரெனல் மிகையாகும். தேர்ந்தெடுத்தல், எளிமையாக்கல், உறுதியாக்கல் ஆகிய மூன்றுமே அவர் திறம்.

இரண்டாம் உலகப்போர் முடியுங்காலத்தில் டாக் காஃப்மன் என்னும் நண்பருடன் கூடி, மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய்க் கித்தார்களையும் அவற்றுக்குரிய சிறு ஒலிபெருக்கிகளையும் செய்யத் தொடங்கினார். 1946இல் காஃப்மன் விலகினார். தொழில் ஃபெண்டரின் பெயரால் நடந்தது.

அக்கால ஒலிபெருக்கி ஒன்றைத் திறந்து நோக்குவோம். பெட்டி பைன் மரத்தாலாயது. மூலைகள் இருகை விரல்களைக் கோத்தாற்போல் இணைந்திருக்கும். மேலே ட்வீட் என்னும் மஞ்சள் நிறத் துணி. உள்ளே எஃகுச் சட்டம். அதனுள் மெழுகூட்டிய கறுப்பு நாரட்டை. அட்டையில் வரிசையாய் அமைந்த உலோகக் கண்களில் ரெஸிஸ்டர், கண்டென்சர் முதலியவற்றின் கால்களை நுழைத்து ஈயம் உருக்கிப் பற்றவைத்திருப்பர். ஒவ்வொரு கம்பியும் கண்ணுக்குப் புலப்படும். ஓர் உறுப்பு கெட்டால் அதனை மட்டும் மாற்றலாம். பற்றவைக்கும் இந்நுண்பணியைச் செய்தோர் பெரும்பாலும் பெண்டிர். மெக்ஸிகோ மரபினர் அவருட் பலர். வேலையை முடித்தவர் ஒட்டுநாடாத் துண்டொன்றில் தம் பெயரை எழுதிச் சட்டத்தினுள் ஒட்டிவிடுவது வழக்கம். எழுபது ஆண்டு கழிந்து திறப்பவர்க்கும் அப்பெயர் காட்சி தருகிறது. ஓவியர் தம் படத்தில் ஒப்பமிடுவதற்கும் இதற்கும் யாம் வேற்றுமை காண்கிலேம். (ஆர்வத்தால் இவற்றைத் திறக்க முற்படும் மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை: உள்ளே 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு, பிளக்கைக் கழற்றிய பின்னும் கண்டென்சரில் உயிர்க்கொல்லி மின்சாரம் தங்கியிருக்கும்.)

வியப்பு யாதெனின், ஃபெண்டருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. சுருதி கூட்டவும் வாராது. ஆதலின், செய்த கருவியை நடனக் கூடங்களுக்கு எடுத்துச்சென்று இசைவாணர் கையிற் கொடுத்து, அவர் கூறும் குறைகளைக் கேட்டுத் திரும்புவார். டிக் டேல் என்னும் இளைஞர் 1960ஐ ஒட்டிய காலத்தில் ஒலிபெருக்கிகளையும் ஸ்பீக்கர்களையும் ஒன்றன்பின் ஒன்றாய் எரித்துத் தள்ளியபோதும், ஃபெண்டர் சினந்தாரல்லர். மேலும் வலியவற்றைச் செய்துகொடுத்தார்.

அவர் நாடியது தெளிந்த ஒலி. கலங்கிய ஒலியை அவர் பிழை என்றே கருதினார். 1951இல் மின் பாஸ் கித்தாரை வெளியிட்டு, அதன் தாழ்ந்த சுருதிகளைத் தாங்குமாறு 1952இல் பாஸ்மன் என்னும் ஒலிபெருக்கியை அமைத்தார். சில ஆண்டுகளில் அது நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்டதாய் வளர்ந்தது. அதனைப் பாஸ் வாசிப்போரினும் கித்தார் வாசிப்போரே மிகுதியாய் விரும்பினர். ஒலித்திருகை முழுதும் திருப்பினால் வால்வுகள் தம் எல்லையைக் கடக்கும். ஒலியலையின் முடிகள் தட்டையாகும். புதிய மேல் சுரங்கள் பிறக்கும். கரகரத்துக் கதறும் அவ்வொலியையே இளைஞர் தேடினர். 1962இல் லண்டன் மாநகரின் ஹான்வெல் பகுதியில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், துணைவர் இருவருடன் பாஸ்மனின் அமைப்பைச் சிறு மாற்றங்களுடன் பின்பற்றித் தம் முதல் ஒலிபெருக்கியைச் செய்தார். ராக் இசையின் முழக்கம் பெரிதும் அவ்வழி வந்ததே. தாம் அகற்ற முயன்ற குறையே ஒரு தலைமுறையின் குரலாயிற்று என்பதை அவர் எவ்வாறு ஏற்றிருப்பாரோ! பிழையை நீக்க அவர் உழைத்த உழைப்பே, அப்பிழையும் இனிதாய் ஒலிக்கும் கருவியைத் தந்தது என்பது மட்டும் எமக்குத் தோன்றுகிறது.

1950களின் நடுவிலிருந்து ஒரு தொற்றுநோய் அவரை வாட்டியது. இனி நெடுநாள் உழைக்க இயலாதெனக் கருதி, 1965இல் தொழிலை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஸி.பி.எஸ். நிறுவனத்தார்க்கு விற்றார். பின்னர் வேறொரு மருத்துவரை நாட, நோய் தீர்ந்தது! உடல்நலம் மீண்டது, பெயரோ மீளவில்லை. தாம் செய்யும் பொருள்மீது தம் பெயரைப் பொறிக்கும் உரிமை பிறரிடம் போயிற்று. செல்வத்தோடு ஓய்ந்திருத்தல் அவர்க்கு எளிது, ஓய்ந்தாரல்லர். மியூஸிக் மேன் என்னும் பெயராலும், மனைவி எஸ்தர் 1979இல் மறைந்தபின் ஜி அண்ட் எல் என்னும் பெயராலும் கருவிகள் செய்துகொண்டே இருந்தார். பார்க்கின்ஸன் நோயால் உடல் நடுங்கிய நாளிலும் பட்டறைக்குச் சென்ற அவர், 1991ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் ஃபுல்லர்ட்டனில் காலமானார்.

இன்றும் பல நாடுகளில் தம் வீட்டு மேசையில் வால்வு ஒலிபெருக்கி செய்யப் பயில்வோர், 5எஃப்6-ஏ என்னும் எண்ணுடைய பாஸ்மன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்கின்றனர். எந்தக் கண்ணில் எந்தக் கம்பி நுழையவேண்டும் என்பது அதில் காட்டப்பட்டிருக்கிறது.